மூன்று மார்க்கு

சேசு மரி சூசை துணை

கொழும்பு
1930 அக்டோபர் 5

பிரியமுள்ள அக்காளுக்குத் தம்பி மத்தியாஸ் எழுதுவது.

தேவமாதாவின் தயவால் நான் சுகம். போன வாரம் கண்ட காய்ச்சல் இரண்டு நாளில் விட்டுவிட்டது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கருங்கல் சந்தையில் வாங்கின எண்ணெயைத் தேய்த்துப் பார்த்தாயா? மறுபடியில் எழுது.

பேபி இறந்து நாலு வருஷமாகிறது. தாயில்லாத என் பிள்ளைகள் இரண்டையும் நீ உன் வீட்டில் வைத்து வளர்க்கிறாய். அதற்கு நான் எத்தனை கடிதம் எழுதினாலும் போதாது. ஆனால் உன் போன கடிதத்தின் இரண்டாம் பக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆறாம் வகுப்புப் பரீட்சையில் குளோரி முதலாவது, ஆபேல் இரண்டாவது என்று எழுதியிருக்கிறாய். அவன் அவளுக்கு ஒரு வயது மூத்தவன். நாலாம் வகுப்பில் ஒரு வருஷம் தங்கிப்போனதால்தான் தங்கையோடு ஒரே வகுப்பில் இருக்கிறான். அந்தக் குறைச்சல் போதாதா?

நான் பதினோரு வயதில் கடலுக்குப் போனவன் என்று உனக்குத் தெரியும். பங்குச்சாமியார் எண் சொல்லித்தந்ததால் கரையேறி, இன்றைக்கு இந்தத் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் கணக்கப்பிள்ளையாக இருக்கிறேன். என் மகன் என்னைவிட மேலே போகவேண்டும். பெண்பிள்ளைக்குப் பின்னால் நிற்கிறவனுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? அடுத்த பரீட்சையிலும் அவள் முந்தினால், அவன் சிலேட்டை வாங்கி வைத்துவிட்டுத் துடுப்பைக் கையில் கொடு. அல்போன்ஸ் மச்சானுடைய கட்டுமரத்தில் ஏற்றிவிடு.

இதை வழக்கம்போல் அந்திச் செபம் முடிந்ததும் எல்லோர் முன்பாகவும் வாசி. அவன் காதில் விழட்டும்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

உன் தம்பி
மத்தியாஸ்

---

மணல்துறை
1930 டிசம்பர் 28

அன்புள்ள தம்பிக்கு அக்காள் விக்டோரியா எழுதியது.

இங்கே நாங்கள் மூவரும் சுகம். பாலன் பிறந்த திருநாள் நன்றாகக் கழிந்தது. முழங்கால் பனிக்காலம் முடியும்வரை இப்படித்தான் இருக்கும். அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். உன் வயிற்றைப் பார்த்துக்கொள். துறைமுகத்துக் கடைகளில் கண்டதையும் வாங்கித் தின்னாதே.

உன் அக்டோபர் மாதக் கடிதத்தை வந்த அன்றைக்கே வாசித்தேன். பக்கத்து வீட்டுச் செல்லக்கனி வழக்கம்போல் வந்து உட்கார்ந்திருந்தாள். பேபியின் அண்ணன் அல்போன்ஸும் இருந்தார். துடுப்பைப் பற்றிய வரியை நான் இரண்டு தடவை, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

"ஏலே ஆபேலு, துடுப்பு பிடிச்சா கை காய்ச்சிரும். பேனா பிடிச்சா அந்தப் பாடு இல்ல, கேட்டியா?" என்றாள் செல்லக்கனி.

"எனக்க மரத்துல இவனையா ஏத்தணும்? அலையக் கண்டா மொதல்ல இவனுக்க சோறுல்லா வெளிய வரும்" என்றார் அல்போன்ஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆபேல் முகம் சிவந்து எழுந்து போய்விட்டான். குளோரி தையலிலிருந்து தலை நிமிரவில்லை.

ஆனால் வாசித்ததற்குப் பலன் இருந்தது. கிறிஸ்துமஸ் பரீட்சையில் கணக்கில் ஆபேலுக்கு எழுபத்தெட்டு, குளோரிக்கு எழுபத்தைந்து. எல்லாப் பாடமும் சேர்த்து அவன் முதலாவது, அவள் இரண்டாவது. யேசுதாசன் வாத்தியாருக்குக் கண்ணில் புரை விழுந்ததிலிருந்து பங்குப் பள்ளிக்கூடத்துப் பேப்பர்களை நான்தான் திருத்திக்கொடுக்கிறேன். எனவே இந்த மார்க்கில் யாருடைய தயவும் இல்லை. மடத்துச் சகோதரிகளிடம் எட்டு வருஷம் படித்தவள் நான். ஒரு பேப்பரில் ஒரு தப்பையும் இதுவரை விட்டதில்லை.

சொல்கிற விதத்தில் சொன்னால் பிள்ளைகள் படிப்பார்கள். இதை நீ நினைவில் வைத்துக்கொள்.

புது வருஷம் உனக்கு நன்மையாக இருக்கட்டும்.

அக்காள்
விக்டோரியா

---

கொழும்பு
1931 ஜனவரி 20

பிரியமுள்ள அக்காளுக்கு,

சுகம். உன் சுகத்துக்கு மன்றாடுகிறேன்.

உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். குளச்சல்காரர் முகம்மது ஹனீபா காக்கா துறைமுக வாசலில் தேநீர்க் கடை வைத்திருக்கிறார் அல்லவா, அவரிடம் வாசித்துக் காட்டினேன். "மத்தியாஸே, இனி நீ கணக்கப்பிள்ளை இல்ல. கணக்கப்பிள்ளைக்க தகப்பன்" என்றார். அன்றைக்கு மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோருக்கும் நான் தேநீர் வாங்கிக்கொடுத்தேன். இரண்டு நாளாக நடையே மாறிவிட்டது என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள்.

ஆபேலுக்கு ஒரு மைப்பேனா அனுப்பியிருக்கிறேன். மூடியை மெதுவாகத் திருகச் சொல். குளோரிக்கு ஆறு நிறத்தில் நூல்கண்டு இருக்கிறது. இரண்டாவது வந்தது பெண்பிள்ளைக்கு நல்லதுதான்.

எல்லோருக்கும் ஆசீர்வாதம்.

மத்தியாஸ்

---

மணல்துறை
1932 ஜனவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

சர்வேசுரனுடைய கிருபையால் எல்லோரும் சுகம். ஆபேல் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான். நீ அனுப்பிய கம்பளி கிடைத்தது. உனக்கு இருமல் என்று எழுதியிருந்தாய். வெந்நீர் குடி.

ஒரு விஷயத்தைப் பத்து நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாமல் விடுவது என் வழக்கமல்ல.

கிறிஸ்துமஸ் பரீட்சையில் ஆபேல் மறுபடி முதலாவது, குளோரி இரண்டாவது. வாத்தியார் அவன் பேப்பரில் "நல்ல மூளை, கவனம் குறைவு" என்று எழுதச் சொன்னார். அவள் பேப்பரில் "உழைப்பாளி" என்று எழுதச் சொன்னார். எழுதிக்கொண்டிருந்தபோது எனக்குக் கை நின்றுவிட்டது. நல்ல மூளைக்காரனுடைய பேப்பரில் தப்புகள் இருந்த இடமும் உழைப்பாளியின் பேப்பரில் தப்புகள் இருந்த இடமும் ஒன்றாக இருந்தன. அவளிடம் கூடுதலாக ஒரு தப்பு.

பழைய பேப்பர்களையெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்துப் பரப்பினேன். ஆறு பரீட்சை. உன் துடுப்புக் கடிதத்துக்கு முன்னால் நடந்த ஒன்றை ஒதுக்கிவிட்டேன். மற்ற ஐந்திலும் கணக்கில் அவள் அவனுக்கு மார்க்கு குறைவு. ஒருமுறை இரண்டு, ஒருமுறை நாலு. மற்றபடி மூன்று. போன ஐப்பசியில் ஆபேலுக்குக் காய்ச்சல். பாதி எழுதிவிட்டு மேசையில் தலையைச் சாய்த்துவிட்டான். கணக்கில் நாற்பத்தொன்று, வகுப்பில் பதினொன்றாவது. அன்றைக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லாத குளோரிக்கு முப்பத்தெட்டு, பன்னிரண்டாவது.

தெரியாத பிள்ளை கணக்கில் வழியில்தான் தப்பும். இவள் வழியெல்லாம் சரியாக நடந்து, வாசல்படி வரைக்கும் வந்து, பக்கத்து வீட்டுக்குள் போகிறாள். பன்னிரண்டில் ஏழு என்று வரவேண்டிய விடை பதின்மூன்றில் ஏழு என்று நிற்கிறது. அதன் அடியில் அழித்த தடம் இருக்கிறது. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அழிபட்டது சரியான விடை.

சரியாகத் தெரிந்தவளால்தான் இவ்வளவு ஒழுங்காகத் தப்ப முடியும். இதை ஒரு வருஷம் நான் திருத்தியிருக்கிறேன், பார்க்கவில்லை.

வருகிற ஏப்ரல் முப்பதாம் தேதி, கரையோரத்துப் பதினாலு பள்ளிக்கூடங்களிலும் ஏழாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகளுக்குக் கோட்டாற்றில் பொதுப் பரீட்சை. முதலாவது வருகிற பிள்ளைக்கு அங்கேயே தங்கி, செலவில்லாமல் பள்ளியிறுதி வரை படிக்க இடம் உண்டு. ஒரே ஓர் இடம். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

உடம்பைக் கவனித்துக்கொள்.

விக்டோரியா

---

கொழும்பு
1932 பிப்ரவரி 2

பிரியமுள்ள அக்காளுக்கு,

இருமல் குறைந்துவிட்டது. நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

அக்காளே, உன் கண் கூர்மையானது. கூர்மையான கண்ணுக்குச் சிலசமயம் இல்லாததும் தெரியும். பெண்பிள்ளைகளுக்குப் பத்து வயது வரைக்கும் புத்தி வேகமாக ஓடும், பிறகு அங்கேயே நின்றுவிடும் என்று எங்கள் துறைமுகத்துத் துரை சொல்கிறார். ஆண்பிள்ளைக்குத் தாமதமாகத்தான் திறக்குமாம். அவருக்கு ஏழு பிள்ளைகள், தெரியாமல் சொல்லமாட்டார். குளோரி ஆறாம் வகுப்பில் முந்தினதும் பிறகு பிந்தினதும் இதனால்தான். வயது வந்தால் இன்னும் பிந்துவாள். அதற்கு ஏன் விளக்கைப் பிடித்துப் பார்க்கிறாய்?

ஏப்ரல் பரீட்சைக்கு ஆபேலைத் தயார் செய். அந்த இடம் அவனுக்கு என்று இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

மத்தியாஸ்

---

மணல்துறை
1932 பிப்ரவரி 21

தம்பி மத்தியாஸுக்கு,

எல்லோரும் சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

துரையின் பிள்ளைகளை எனக்குத் தெரியாது. உன் பிள்ளையை எனக்குத் தெரியும். அவளிடமே கேட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், குறுக்கே ஒன்றும் சேர்க்கவில்லை.

பின்வாசல் படியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். பேப்பரை அவள் மடியில் வைத்தேன்.

"ஏட்டி, இந்தக் கணக்குல வழியெல்லாம் சரி. விடை மட்டும் என்னத்துக்கு இப்படி?"

"தப்பிப்போச்சு மாமி."

"தப்பினது எனக்கும் தெரியும். தப்பவச்சது யாரு?"

நூலைப் பல்லால் கடித்தாள்.

"அண்ணன் இந்தக் கணக்குல தப்புவான்னு தெரியும் மாமி. அதுனால நானும் தப்பினேன். பொறவு இன்னும் ஒண்ணு கூட்டித் தப்பினேன்."

"அவன் தப்புவான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே அவனுக்குச் சொல்லிக்குடுக்கேன். எது ஏறல்லன்னு எனக்குத் தெரியாதா? பொறவு அவனுக்க முதுகு இருக்குல்லா. கணக்கு வரல்லன்னா முதுகு கூனிரும். நான் பின்பெஞ்சுல இருந்து பாத்துக்கிடுவேன்."

"காய்ச்சல் அன்னைக்கு?"

"அவன் தலையச் சாய்ச்சதும் நான் பேனாவ வச்சிட்டேன்."

"என்னத்துக்குட்டி இதெல்லாம்?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இந்த வீட்டில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"நான் முந்தினா அவனக் கடலுக்கு விட்டிருவாவ இல்லியா? அவனுக்கு அலையக் கண்டாலே பேடி. நீங்கதானே மாமி வாசிச்சிய. ரெண்டு தடவ வாசிச்சிய."

மத்தியாஸ், நீ எழுதியது ஒரு தடவை. அதை இரண்டு தடவையாக்கியது நான். நிறுத்தி வாசித்ததும் நான். பிறகு அதன் பலன் என்று உனக்குப் பெருமையாக எழுதியதும் நான்.

அப்பா சும்மா சொன்னார் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்பா கடிதத்துல எழுதினாவ. நீங்க வாயால சொல்லுதிய" என்றாள். அவள் சொல்வது நியாயம். கடிதத்தில் கட்டியதைக் கடிதத்தில்தான் அவிழ்க்க வேண்டும்.

ஆகவே எழுது. ஆபேலைக் கடலுக்கு அனுப்பமாட்டேன் என்றும், குளோரி தனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதலாம் என்றும் உன் கையால் இரண்டு வரி. வெள்ளிக்கிழமைகளில் பையன்களுக்கு க்ஷேத்திர கணிதம் நடக்கும்போது பெண்பிள்ளைகளைப் பின்பெஞ்சில் உட்காரவைத்துத் தைக்கச் சொல்கிறார்கள். இவள் தைத்துக்கொண்டே அதையும் கேட்டுக் கற்றிருக்கிறாள். ஊசியால் துணியில் முக்கோணம் குத்தி எனக்கு நிரூபித்துக் காட்டினாள். எனக்கு மடத்தில் அதைச் சொல்லித்தரவில்லை. அவள் காட்டித்தான் புரிந்தது.

ஏப்ரல் முப்பதுக்கு முன்னால் உன் கடிதம் வரவேண்டும்.

விக்டோரியா

---

கொழும்பு
1932 ஏப்ரல் 12

அக்காளுக்கு,

சுகம். வேலை அதிகம், அதனால் எழுதப் பிந்திவிட்டது. இங்கே வெயில் தாங்கமுடியவில்லை. இரண்டு கப்பல் சேர்ந்து வந்ததால் பெரிய வெள்ளிக்கும் கோயிலுக்குப் போக முடியவில்லை.

உயிர்த்த திருநாளுக்குத் துணி அனுப்பினேன், கிடைத்ததா? ஆபேலை நன்றாகப் படிக்கச் சொல்.

அனைவருக்கும் ஆசீர்வாதம்.

மத்தியாஸ்

---

மணல்துறை
1932 மே 3

என் அன்புள்ள அப்பாவுக்கு மகள் குளோரி பணிவோடு எழுதுவது.

நான் சுகம். அண்ணனும் மாமியும் சுகம். நீங்களும் சுகமாக இருக்கத் தினமும் வேண்டுகிறேன். நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாமியிடம் காட்டவில்லை. காட்டினால் திருத்துவாள்.

பரீட்சைக்குப் பத்து நாளைக்கு முன்னால் உங்கள் கடிதத்தை மாமி வாசித்தாள். "ஆபேல் எத்தனையாவது வந்தாலும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தமாட்டேன். குளோரி தனக்குத் தெரிந்ததில் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் எழுதட்டும். என் மகள் முந்தினால் அதுவும் என் வீட்டுக்குப் பெருமைதான்." இந்த மூன்று வரியையும் கேட்டு நான் மனப்பாடம் செய்துவிட்டேன். செல்லக்கனி சித்தி, "ஒனக்க அப்பனுக்கு இப்பிடியும் எழுதத் தெரியுமா?" என்று சொல்லி அழுதாள். நான் அழவில்லை.

கோட்டாற்றில் அறுபத்திரண்டு பிள்ளைகள் எழுதினோம். பெண்பிள்ளைகள் ஆறு பேர். மத்தியானம் க்ஷேத்திர கணிதத் தாள் கொடுக்கும்போது ஓர் ஐயா வந்து, பெண்பிள்ளைகளுக்கு இது கட்டாயமில்லை, எழுந்து போகலாம் என்றார். ஐந்து பேர் போனார்கள். நான் இருந்தேன். "நீ போகலியா?" என்று கேட்டார். "எனக்குத் தெரியும் ஐயா" என்றேன். அவர் தாளைத் தந்துவிட்டுக் கொஞ்சநேரம் என் பக்கத்தில் நின்றார். பிறகு போய்விட்டார்.

மணி அடிக்கிறவரை எழுதினேன் அப்பா. இத்தனை நாளும் மணி அடிக்கிறதற்கு முன்னாலேயே பேனாவை வைத்துவிடுவேன். கடைசிக் கணக்கு மிகவும் நீளம். அது சரியாக வந்தபோது எனக்கு யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது. உங்களிடம் சொல்கிறேன்.

நீங்கள் அப்படி எழுதினதற்கு மிகவும் நன்றி.

தங்கள் மகள்
குளோரி

---

மணல்துறை
1932 மே 24

தம்பி மத்தியாஸுக்கு,

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உன்னிடமிருந்து ஒன்றரை மாதமாகக் கடிதம் இல்லை.

முதலில் நற்செய்தி. பரீட்சை முடிவு கோயிலில் வாசிக்கப்பட்டது. பதினாலு பள்ளிக்கூடங்களிலும் முதலாவது குளோரி. கணக்கில் தொண்ணூற்றெட்டு. ஆபேல் ஒன்பதாவது. நம் மணல்துறையிலிருந்து இதுவரை ஒரு பிள்ளையும் அந்த இடத்தைப் பிடித்ததில்லை, ஆணும் சரி, பெண்ணும் சரி. பூசை முடிந்து வெளியே வந்தபோது நான் யாருக்கும் வழிவிடவில்லை. எல்லோரும் எனக்கு வழிவிட்டார்கள்.

இனி என் காரியம். உன் ஏப்ரல் கடிதத்தில் வெயிலும் கப்பலும் துணியும் இருந்தன. கேட்டது இல்லை. அன்று அந்திச் செபம் முடிந்ததும் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடிதத்தில் ஏழு வரி இருந்தது. நான் பத்து வரி வாசித்தேன். பிறகு மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அவள் உனக்கு எழுதியிருக்கிறாள் என்று பிறகுதான் சொன்னாள். ஆகையால் நான் என்ன வாசித்தேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். பிறர் எழுத்தில் ஒரு புள்ளியைக்கூட நான் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. இந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் அதற்கு அபராதச் செபம் கொடுத்தார், செய்தேன். செய்ததற்காக வருத்தப்படுகிறாயா என்று கேட்டார். பொய்க்காக வருத்தப்படுகிறேன், தொண்ணூற்றெட்டுக்காக இல்லை என்றேன்.

இப்போது என் வாசிப்பால் ஆகாத காரியம் ஒன்று வந்திருக்கிறது. பையனாக இருந்தால் வளர்க்கிறவளுடைய கையொப்பம் போதுமாம். பெண்பிள்ளையை ஊர்விட்டு அனுப்பத் தகப்பன் கைப்பட எழுதிய சம்மதம் வேண்டுமாம். ஜூன் இருபதுக்குள் பங்குச்சாமியார் கையில் கிடைக்கவேண்டும். கிடைக்காவிட்டால் இடம் இரண்டாவதாக வந்தவனுக்குப் போகும். அவன் வேறு துறைக்காரன்.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. உன் பெயரில் சொன்னதை மெய்யாக்கு அல்லது பொய்யாக்கு. இரண்டும் உன் கையில்தான் இருக்கிறது.

விக்டோரியா

---

மணல்துறை
1932 ஜூன் 6

அன்புள்ள அப்பாவுக்கு மகன் ஆபேல் எழுதுவது.

நான் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள். நீங்கள் அனுப்பின பேனாவால்தான் எழுதுகிறேன்.

அப்பா, நான் முதலாவது வந்தது ஒன்றும் என்னுடையது இல்லை. காய்ச்சல் கண்ட பரீட்சைக்குப் பிறகு எனக்குத் தெரிந்துவிட்டது. பதினொன்றாவது நான், பன்னிரண்டாவது அவள் என்றால் யாருக்கும் தெரியும். "ஏட்டி, எனக்கு நீ ஒண்ணும் விட்டுத்தரண்டாம்" என்று அவளிடம் சண்டை போட்டேன். "நான் என்னத்த விட்டுத்தந்தேன்? எனக்கு வரல்ல" என்று சாதித்துவிட்டாள். நீங்கள் துறைமுகத்தில் தேநீர் வாங்கிக்கொடுத்ததை மாமி வாசித்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எழுந்து போய்விடத் தோன்றும்.

இந்தத் தடவை நான் ஒன்பதாவது. அறுபத்திரண்டு பேரில். யாரும் எனக்காகத் தப்பு எழுதவில்லை. இது என் சொந்த ஒன்பது. அல்போன்ஸ் மாமா, "ஒம்பதா? கொள்ளாம்லே மக்கா" என்று தோளில் தட்டினார். முதலாவது வந்தபோது அவர் தட்டினது இப்படி உறைக்கவில்லை.

ஏப்ரலில் மாமி அந்த மூன்று வரியை வாசித்தபோது காகிதத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து வாசித்தாள். அதை நான் கண்டேன். குளோரியிடம் சொல்லவில்லை.

சம்மதக் கடிதம் இன்னும் வரவில்லை. தினமும் பள்ளிக்கூடத்து மரத்தடியில் தபால்காரரைப் பார்த்து நிற்கிறேன். அவள் பெட்டி கட்டவில்லை. கட்டச் சொன்னால், "அப்பா எழுதட்டும்" என்கிறாள். நீங்கள் எழுதினால் அவள் போவாள். அதற்காக என்னைக் கடலுக்கு அனுப்பவேண்டும் என்றாலும் சரி, போகிறேன். வாந்தி வந்தால் வரட்டும்.

மகன்
ஆபேல்

---

சேசு மரி சூசை துணை

கொழும்பு
1932 ஜூன் 11

அன்பு மகள் குளோரிக்கு உன் அப்பா எழுதுவது.

நான் சுகம். நீயும் அண்ணனும் மாமியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். மாமியின் முழங்காலுக்கு நீ போகும்போது எண்ணெய் வாங்கிக்கொடுத்துவிட்டுப் போ.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. முதல்தடவை வாசித்தபோது விளங்கவில்லை. நான் எப்போது இப்படி எழுதினேன் என்று யோசித்தேன். ஹனீபா காக்காவிடம் காட்டினேன். "மகளுக்கு நல்லா எழுதியிருக்கியே மத்தியாஸே" என்று சொல்லி எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். குடிக்க முடியவில்லை.

அந்த மூன்று வரி நான் எழுதியதல்ல. மாமி தன் நெஞ்சிலிருந்து வாசித்தது. அதற்காக அவளிடம் முகம் சுளிக்காதே. அவள் வாசித்தது போல எனக்கு எழுத வந்திருந்தால் நான் நல்லவன் ஆகியிருப்பேன். நான் எழுதியது துடுப்பைப் பற்றிய வரிதான். அது என்னுடையது. அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. உன் அண்ணன் ஒன்பதாவது மட்டும் போதும், மற்றது தன்னுடையதல்ல என்று எழுதியிருக்கிறான். அவனுடைய தகப்பன் எழுதாததற்கு நன்றி வாங்கிவைத்துக்கொண்டு இருந்தால் நன்றாக இராது. ஆகையால் அந்த நன்றியைத் திருப்பி அனுப்புகிறேன். மாமியிடம் கொடு.

ஆபேலிடம் சொல். கடலுக்குப் போகவேண்டாம். கருங்கலில் எட்டாம் வகுப்பில் சேரட்டும். ஒன்பதாவது வந்ததற்குத் தேநீர் வாங்கிக்கொடுத்தேன், எல்லோரும் குடித்தார்கள், நானும் குடித்தேன்.

சம்மதக் கடிதம் இதே தபாலில் பங்குச்சாமியாருக்குப் போகிறது. நான் பெரிய எழுத்துக்காரன் அல்ல. மூன்று தாளைக் கிழித்து நாலாவது தாளில் எழுதினது இது:

"மணல்துறை மத்தியாஸ் ஆகிய நான், பதினாலு பள்ளிக்கூடங்களில் முதலாவதாக வந்த என் மகள் குளோரியை, கோட்டாற்றில் தங்கிப் பள்ளியிறுதி வரை படிக்கச் சம்மதித்து அனுப்புகிறேன்."

ஹனீபா காக்கா எட்டிப் பார்த்து, "சம்மதம்னு மட்டும் எழுதினாப் போதும் மத்தியாஸே. முதலாவது வந்தது அவங்களுக்குத் தெரியாதா? அது இங்க என்னத்துக்கு?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அந்தத் தாளில் அது வேண்டியதில்லை. நான் எழுதினேன்.

பெட்டியைக் கட்டு.

உன் அப்பா
மத்தியாஸ்